நடுக்குவாதமும் மரபணு வைத்தியமும்

ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த டீச்சரின் கையெழுத்து அச்சிட்டாற்போல் இருக்கும். கரும்பலகையின் இடது ஓரத்தில் தொடங்கும் செய்யுள் அடி, வலது ஓரம் வரை நூல் பிடித்தாற்போல் ஒரே அளவில் ஓடும். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. அடியின் தொடக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு இருந்த எழுத்து, போகப் போகச் சுண்டைக்காயாகி, ஓரத்தை எட்டும்போது கடுகாகிவிடும். கடைசி பெஞ்சில் இருந்த நாங்கள், “டீச்சர், தெரியலை!” என்று கத்துவோம். எங்களுள் ஒருத்தி (யாரென்று எழுத மாட்டோம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று) கட்டுரை நோட்டில் வேண்டுமென்றே எறும்பு ஊர்ந்தாற்போல் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் கோபிக்கவில்லை. “கண்ணைக் கெடுத்துக்காதம்மா” என்று மட்டும் சொன்னார்.

எழுத்து இப்படிச் சுருங்குவது ஒரு நோயின் அடையாளம் என்பதை நாங்கள் அறிந்தது இந்த ஆண்டுதான். ஓய்வு பெற்றுவிட்ட டீச்சரை ஆண்டு விழாவுக்கு அழைக்க அவர் வீட்டுக்குச் சென்றோம். காப்பித் தம்ளரை இரு கைகளாலும் பற்றியிருந்தார். அப்படியும் காப்பி தளும்பியது. நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு பார்க்கின்சன். தமிழிலே நடுக்குவாதம். அழகான பேருதான், இல்லை?” என்று சிரித்தார். புறப்படும்போது எங்களை நிறுத்தி ஒரு வேலை கொடுத்தார். “ஜீன் வைத்தியம்னு பேப்பரிலே அடிக்கடி போடுறான். எனக்கு முழுசா விளங்கலை. நீங்க படிச்சுட்டு வந்து சொல்லுங்க பிள்ளைகளா. நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லக் கூடாது.”

அந்த வீட்டுப்பாடமே இக்கட்டுரை. எங்கள் விஞ்ஞான ஆசிரியையும், வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பாவாகிய டாக்டரும் எங்களுக்கு உதவினார்கள்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்வோம். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். கை நடுங்கி, முதுகு கூனி, நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக முடிகிற ஆறு மனிதர்களை அதில் விவரித்திருந்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டார் என்பது வியப்பான செய்தி. நாமும் தெருவில் எத்தனையோ பேரைப் பார்க்கிறோம்; அவர் கவனித்தார். பின்னாளில் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்க்கோ இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

நோய் எங்கே இருக்கிறது? கையில் அன்று, மூளையில்! மூளையின் அடிப்பகுதியில் கருமை நிறமுள்ள சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, நீண்ட இழைகள் வழியாகப் புட்டமென் என்னும் மற்றொரு பகுதிக்கு அனுப்புகின்றன. நாம் கை நீட்டுவதும் எழுதுவதும் திரும்புவதும் தடையின்றி நடைபெற இந்த டோபமின் வேண்டும். நடுக்குவாதத்தில் அந்தக் கரிய அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஏன் மடிகின்றன என்பது முழுவதும் விளங்கவில்லை. கொடுமை என்னவென்றால், கை நடுங்கத் தொடங்குவதற்குள் பாதி அளவு அணுக்கள் போய்விடுகின்றன. அதுவரை மூளை, இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறது. மாதக் கடைசியில் எங்கள் அம்மாக்கள் வீட்டை நடத்துவதைப் போல என்று சொன்னால் மிகையாகாது.

இந்நோய் பெரியவர் சிறியவர் பார்ப்பதில்லை. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-இல் இந்நோய் இருப்பது தெரிந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் அவர் நடுங்கும் கையால் தீபம் ஏற்றியதை எங்கள் பெற்றோர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 2005-இல் இறைவனடி சேரும்வரை பல ஆண்டுகள் இந்நோயைத் தாங்கினார். நடுங்கும் கையை அவர் மறைக்கவில்லை என்று எங்கள் சிஸ்டர்கள் இன்றும் சொல்வார்கள்.

டோபமின் குறைவே காரணம் என்று கண்டுபிடித்த கதையில் நம் நாட்டு மூலிகைகள் இரண்டுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

முதலாவது சர்ப்பகந்தி. இதன் வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் மருந்தை எடுத்தார்கள். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957-இல் இதை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமின் வற்றிப்போக, முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபா என்னும் பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின! இப்பணிக்காக 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை வியன்னா நகரத்து ஹார்னிகீவிச் என்பவர் 1960-இல் காட்டினார்.

இரண்டாவது மூலிகை, வேலிகளில் படரும் பூனைக்காலி. அதன் நெற்றுச் சுணை உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பது கிராமத்துத் தோழிகளுக்குத் தெரியும்! அந்த எல்-டோபா இதன் விதையில் இருக்கிறது. 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அப்போது இது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று உலகில் எவருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டிக்குப் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுக்க வேண்டாம். அளவு தெரியாமல் கொடுத்தால் கேடு விளையும். டாக்டர் சித்தப்பா இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.)

“டோபமின்தானே குறைவு, அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?” என்று நாங்கள் கேட்டோம். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் இருக்கிறதாம். பள்ளி வாயிற்காவலர், சீட்டு இல்லாதவரை உள்ளே விடாததைப் போல, அது டோபமினை உள்ளே விடாது. ஆனால் எல்-டோபாவை விடும். உள்ளே நுழைந்த எல்-டோபாவை ஏ.ஏ.டி.சி. என்னும் நொதி டோபமினாக மாற்றுகிறது. இந்த நொதியின் பெயரை நினைவில் வையுங்கள்; மறுபடியும் வரும்.

இம்மாத்திரைதான் இன்றும் முதன்மையான மருந்து. டீச்சரும் இதைத்தான் உட்கொள்கிறார். காலையில் விழுங்கினால் சற்று நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பலன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. சிலருக்குத் தாமாகவே கைகால்கள் நெளியத் தொடங்குகின்றன. அணுக்கள் மடிவதை மாத்திரை நிறுத்தவும் இல்லை. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போன்றதுதான்.

பானையை அடைக்க வழி உண்டா? இங்குதான் மரபணு வைத்தியம் வருகிறது.

மரபணு அல்லது ஜீன் என்பது ஒரு புரதத்தைச் செய்யும் முறை எழுதப்பட்ட சீட்டு. சமையல் குறிப்பைப் போன்றது. வேண்டிய குறிப்பை மூளையின் அணுக்களுக்குள் சேர்த்துவிட்டால் அவை தாமே அப்பொருளைச் செய்துகொள்ளும். ஆனால் சீட்டை உள்ளே கொண்டு சேர்ப்பது யார்? அணுக்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதில் கைதேர்ந்தது வைரஸ். அதன் சொந்தச் சீட்டை எடுத்துவிட்டு, நம் சீட்டை வைத்து அனுப்புகிறார்கள். உறை அதனுடையது, கடிதம் நம்முடையது! இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ.ஏ.வி. என்னும் மிகச் சிறிய வைரஸ். 1965-இல் வேறொரு வைரஸின் கூட்டத்தில் கலப்படமாக இது கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு இதனால் எந்த நோயும் வருவதாகத் தெரியவில்லை. ஒரே குறை, உறை சிறியது. மனிதனின் முழு மரபுச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் என்றால், இந்த உறைக்குள் சுமார் 4,700 எழுத்துகள்தான் அடங்கும்.

இவ்வைத்தியம் விளையாட்டன்று. 1999-இல் அமெரிக்காவில் ஈரல் சம்பந்தமான மரபணுச் சோதனை ஒன்றில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அங்குப் பயன்படுத்தியது வேறு வகை வைரஸ். என்றாலும் அதன்பின் எல்லாச் சோதனைகளும் மிகுந்த எச்சரிக்கையுடன் நடைபெறலாயின.

நடுக்குவாதத்துக்கு இவ்வைத்தியம் முதன்முதல் செய்யப்பட்ட நாள் 2003 ஆகஸ்டு 18. இடம் நியூயார்க். டாக்டர் மைக்கேல் காப்லிட், டாக்டர் மாத்யூ டூரிங் ஆகியோரின் முயற்சி அது. நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மயிரிழை போன்ற குழாய் வழியாக வைரஸைச் செலுத்தினார்கள். மூளையின் உள்ளே வலி தெரியாதாம்!

அவர்களுடைய உபாயம் டோபமினை உண்டாக்குவதன்று. ஆசிரியை வகுப்பில் இல்லாதபோது ஒரு பெஞ்சு மட்டும் ஓயாமல் இரைச்சல் போடும் அல்லவா? டோபமின் குறைந்தால் மூளையிலும் ஒரு சிறு முடிச்சு அப்படி இரைச்சலிடுகிறது. அங்கேயே அமைதிப்படுத்தும் இரசாயனத்தை உண்டாக்கும் மரபணுவைக் கொண்டுவைத்தார்கள். வகுப்புத் தலைவியை அந்த பெஞ்சிலேயே உட்காரவைப்பதைப் போல. முதலில் 12 பேருக்குச் செய்ததில் தீங்கு ஏதும் நேரவில்லை. உடல் அசைவிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2007-இல் இம்முடிவு வெளிவந்தபோது பத்திரிகைகள் மகிழ்ந்தன.

மகிழ்ச்சி சரிதானா என்று பார்க்க அடுத்த சோதனை. இதில்தான் எங்கள் வகுப்பே இரண்டுபட்டது.

45 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதைப் போல இரு பிரிவாக்கினார்கள். 22 பேருக்கு உண்மையான சிகிச்சை. மற்ற 23 பேரையும் அறுவை அறைக்குக் கொண்டுசென்று, தலையில் சட்டம் மாட்டி, மண்டையோட்டில் பாதி ஆழம் வரை துளையிட்டு, மூளையைத் தொடாமல் மூடி அனுப்பிவிட்டார்கள். எவருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் சோதித்துப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

“என்ன அக்கிரமம்! ஒன்றும் கொடுக்காமல் மண்டையில் ஓட்டை போடுவதா?” என்று பாதிப் பேர் கொதித்தார்கள். அப்போது விஞ்ஞான ஆசிரியை 2001-இல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். நடுக்குவாத நோயாளிகளுக்கு வெறும் உப்பு நீரை, மருந்தாக இருக்கலாம் என்று சொல்லி ஊசி போட்டார்கள். பிறகு மூளையைப் படம் பிடித்தார்கள். மூளை உண்மையாகவே டோபமினைச் சுரந்திருந்தது! நலம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே, இந்நோயில் எது குறைவோ அதையே சிறிது நேரம் சுரக்கவைக்கிறது. அது கற்பனையன்று, நடிப்புமன்று. உடலில் நிகழும் மெய்யான மாற்றம். அப்படியானால், தலையில் துளையிட்டுக்கொண்டு பெரும் நம்பிக்கையுடன் வீடு திரும்பியவர் நன்றாக நடந்தால், அது மரபணுவின் வேலையா, நம்பிக்கையின் வேலையா? இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பொய் அறுவையைத் தவிர வேறு வழி புலப்படவில்லை. எங்களுள் சிலர் இதை ஏற்றனர். சிலர் இன்னும் ஏற்கவில்லை. கட்டுரையை எழுதும் நாங்களே ஒருமனப்படவில்லை.

முடிவு 2011-இல் வெளிவந்தது. குழாய் உரிய இடத்தில் அமையாதவர்களையும் சிகிச்சை முழுமை பெறாதவர்களையும் விலக்கிவிட்டுக் கணக்கிட்டார்கள். நோயின் கடுமையை அளக்க 108 வரை மதிப்பெண் உண்டு. அது குறையக் குறைய நல்லது. (எங்கள் தேர்விலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) ஆறு மாதத்தில் மரபணு பெற்றவர்களுக்குச் சராசரி 8.1 குறைந்தது. பொய் அறுவை பெற்றவர்களுக்கும் 4.7 குறைந்தது! வேறுபாடு உண்மையானதே, ஆனால் சிறியது. 2012-இல் அச்சோதனையை நடத்திய கம்பெனி திவாலாகி, அம்முயற்சி அப்படியே நின்றுபோனது. நோயாளிகளின் நம்பிக்கை கம்பெனியின் கணக்குப் புத்தகத்தையும் சார்ந்திருக்கிறது என்பது எங்களுக்குப் புதிய பாடம்.

இதனினும் மனத்தைத் தொட்டது இன்னொரு முயற்சி. மடியும் நரம்பணுக்களைக் காப்பாற்றி ஊட்டம் தரும் நியூர்ட்யூரின் என்னும் புரதத்தின் மரபணுவை, கலிபோர்னியாவில் இயங்கிய ஒரு கம்பெனி புட்டமெனில் செலுத்தச் செய்தது. பானை ஓட்டையை அடைக்க முயன்றது இதுதான். முதல் 12 பேருக்கு ஓராண்டில் 36 விழுக்காடு முன்னேற்றம்! அடுத்து 58 பேரைப் பிரித்துச் சோதித்தார்கள். 38 பேருக்கு மரபணு, 20 பேருக்குப் பொய் அறுவை. 2010-இல் வெளிவந்த முடிவு என்ன? ஓராண்டில் மரபணு பெற்றவர்களுக்கு 7.2 குறைந்தது, பெறாதவர்களுக்கு 5.3 குறைந்தது. கணக்குப்படி இதை வேறுபாடு என்றே சொல்ல முடியாது. பொய் அறுவை இல்லாதிருந்தால், அந்த 36 விழுக்காட்டை நம்பி ஆயிரக்கணக்கானோர் மண்டையில் துளையிட்டுக்கொண்டிருப்பார்கள். இதைக் கேட்டபின் “அக்கிரமம்” என்று கொதித்த தோழிகளில் இருவர் மௌனமானார்கள்.

ஏன் பலிக்கவில்லை? இதற்கு விடை தந்தவர்கள் இறந்தவர்கள். சோதனையில் பங்கேற்று, பின்னர் வேறு காரணங்களால் இறந்த சிலரின் மூளையை ஆராய அனுமதி கிடைத்தது. மரபணு புட்டமெனில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அங்குள்ள நரம்பிழைகள் வழியாக அப்புரதம் கரிய அணுக்கள் வரை சென்று சேரவில்லை. இழைகள் ஏற்கெனவே சிதைந்துவிட்டன. பாலம் இடிந்தபின் லாரி நிறைய அரிசி அனுப்பி என்ன பயன்? நோய் தெரிந்து நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே புட்டமெனின் முக்கியப் பகுதியில் அவ்விழைகள் ஏறக்குறைய அற்றுப்போவதை 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. கரிய பகுதியிலும் சேர்த்துச் செலுத்திப் பார்த்த அடுத்த சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. அதுவும் பலிக்கவில்லை.

2020-இல் ஒரு செய்தி. சிகிச்சை பெற்று எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து இறந்த இருவரின் மூளையை ஆராய்ந்தார்கள். அந்த மரபணு அப்போதும் புரதத்தைச் செய்துகொண்டிருந்தது! ஒரே ஒரு முறை வைத்த சீட்டு, பத்து ஆண்டுகள்! ஆனால் மிகச் சில அணுக்களில் மட்டும்.

அப்படியானால் நோய் தொடங்கியவுடனே இதைச் செய்தால் பலிக்குமோ? பலிக்கலாம். ஆனால் அப்போது நோயாளிக்கு மாத்திரையே நன்றாக வேலை செய்கிறது. சமைத்து, எழுதி, பேருந்தில் ஏறிப் போய் வருகிற ஒருவரிடம், “மண்டையில் துளையிட வாருங்கள், பயன் உண்டா என்று இனிமேல்தான் தெரியும்” என்று எப்படிச் சொல்வது? நோய் முற்றியவர் துணிவார், அவருக்குப் பலிக்காது. பலிக்கக்கூடியவருக்குத் துணியும் அவசியமில்லை. இந்தச் சிக்கலை நாங்கள் பல நாள் பேசியும் அவிழ்க்க முடியவில்லை.

வேறு வழிகளையும் முயன்றிருக்கிறார்கள். பாரிஸுக்கு அருகிலும் கேம்பிரிட்ஜிலும் 15 பேருக்கு, டோபமினை உண்டாக்கும் மூன்று மரபணுக்களையும் ஒருசேர வைத்தார்கள். மூன்றும் சிறிய உறையில் அடங்காததால், குதிரைகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் பெரிய உறையைப் பயன்படுத்தினார்கள். 2014-இல் வெளிவந்த அம்முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் அதில் பொய் அறுவைப் பிரிவு இல்லை. இனி அந்த வித்தியாசத்தைக் கவனிக்க உங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது வழிதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஏ.ஏ.டி.சி. நோய் முற்ற முற்ற அந்த நொதியும் புட்டமெனில் குறைவதால், விழுங்கிய எல்-டோபா வீணாகிறது. ஆகவே அந்நொதியின் மரபணுவை மட்டும் வைத்தால், குறைந்த மாத்திரையே நிறைந்த பலன் தரும் அல்லவா? கலிபோர்னியாவில் தொடங்கிய இம்முயற்சியில் மருந்து பரவுவதைக் காந்தப் படக் கருவியில் நேரிலேயே பார்த்துக்கொண்டு செலுத்தினார்கள். 2019-இல் வெளிவந்த 15 பேரின் முடிவில், அதிக இடத்தில் மருந்து பரவியவர்களின் மாத்திரைத் தேவை நன்கு குறைந்திருந்தது. ஆனால் 2020 டிசம்பரில், அடுத்த சோதனையில் சிலரின் மூளைப் படங்களில் மாறுதல் தென்பட்டதால் அச்சோதனை நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் இந்த மரபணு வேறோர் இடத்தில் பலித்தது. பிறக்கும்போதே அந்த நொதி இல்லாத குழந்தைகள் உண்டு. உலகில் மிக அரிது. தைவான் தீவில் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. இக்குழந்தைகளுக்குத் தலை நிற்காது, குப்புற விழமாட்டார்கள், பேச்சு வராது. நடுக்குவாதத்துக்காகத் தயாரித்த அதே வகை வைரஸை 2010 முதல் தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இவர்களுக்குச் செலுத்தினார்கள். தலை நின்றது. சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் பிடித்துக்கொண்டு நடக்கவும் செய்தார்கள்! 2022-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் இது முறையான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. இங்கு நரம்பணுக்கள் மடியவில்லை, நொதி மட்டுமே இல்லை. அதனால் சீட்டு ஒன்று போதுமாயிருந்தது.

இப்போது எது நடக்கிறது? 1993-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஜி.டி.என்.எஃப். என்னும் ஊட்டப் புரதம் நியூர்ட்யூரினின் உடன்பிறப்பு போன்றது. அதன் மரபணுவைப் புட்டமெனின் பெரும்பகுதியில் பரவச் செய்யும் சிகிச்சையை அமெரிக்காவில் 11 பேருக்குச் செய்து பார்த்தார்கள். அவர்களுள் நோய் தொடங்கி அதிக நாள் ஆகாதவர்களும் உண்டு. சிகிச்சையால் பெருந்தீங்கு நேரவில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அடுத்துப் பொய் அறுவைப் பிரிவுடன் கூடிய பெரிய சோதனை தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வர ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை டீச்சர் வீட்டுக்குப் போனோம். ஒருத்தி படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டார். மடியில் இருந்த வலக்கை மட்டும், மாத்திரை உருட்டுவதைப் போல விரலோடு விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. “ஆக, எனக்குன்னு இன்னும் ஒண்ணும் வரலை” என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இல்லை டீச்சர்” என்றோம்.

பொய் அறுவையைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்லி அவர் கருத்தைக் கேட்டோம். சற்று யோசித்தார். “பாதிப் பேருக்கு மருந்து கிடையாதுன்னு முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிட்டுத்தானே செய்யறாங்க?” என்றார். ஆம் என்றோம். “அப்ப அதுக்குப் பொய்யின்னு பேரு வைக்காதீங்க. வேற சொல்லு தேடுங்க. மருந்து கிடைக்காத அந்த 23 பேரும் இல்லேன்னா இந்தக் கணக்கே இல்லை.” ‘பாவனை அறுவை’ என்று எழுதலாமா என்று கேட்டதற்கு, அதுவும் சரியில்லை என்றார். வேறு சொல் எங்களுக்கும் கிடைக்கவில்லை, அவருக்கும் உடனே கிடைக்கவில்லை. பத்திரிகைக்குக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டதால் பழைய சொல்லையே வைத்திருக்கிறோம்.

கையெழுத்துப் பிரதியை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். ஓரம் முழுவதும் சிவப்பு மையில் ஒற்றுப்பிழை திருத்தங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு எழுத்தில். அவற்றைப் படிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து உருப்பெருக்குக் கண்ணாடியை வாங்கி வந்தோம். மொத்தம் 31 பிழைகள். அவற்றுள் 19 வல்லினம் மிகும் இடங்கள்.